கடைசி மூன்றில் ஒரு பங்கு

பகல் பன்னிரண்டே காலுக்கு தூரிட் ரேடியோவில் மூன்று எண்களைச் சொன்னாள். "மூணு, ரெண்டு, ரெண்டு. கெட்டிப் பனி, மேல தண்ணி. எழுதிக்கோ ஓட்வார்."

எழுதிக்கொண்டேன். ஸ்கார்வ்நெஸ் விமான நிலையத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, இறங்க வரும் விமானிகளுக்குக் காற்றையும் ஓடுபாதையின் நிலையையும் சொல்வது என் வேலை. காற்று கருவியிலிருந்து வரும். பாதை தூரிட்டிடமிருந்து வரும். எண்ணூறு மீட்டரை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் அளவு வண்டியை ஓட்டி, சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்று எண் கொடுப்பாள். ஆறு என்றால் காய்ந்த தார். பூஜ்யம் என்றால் யாரும் வரவேண்டாம். பாதையின் இரண்டு முனைகளிலும் பாறை, பாறைக்குக் கீழே கடல்.

கடுங்குளிரைக் கண்டு எங்களுக்குப் பயமில்லை. மைனஸ் பதினைந்தில் பனிக்கட்டி உப்புத்தாளைப் போலச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பயமெல்லாம் இந்த மார்ச் மாதத்துத் தூறலுக்குத்தான். வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். பழைய பனியின் மேல் மெல்லிய தண்ணீர் படியும். நாய்கூடக் காலை அகட்டி நடக்கும்.

அன்றைக்கு வந்துகொண்டிருந்தது ஆம்புலன்ஸ் விமானம். ஊர் மருத்துவ நிலையத்தில் சில்யே ரத்தப்போக்கோடு கிடந்தாள். ஏழாம் மாதம். அவள் தூரிட்டின் தம்பி எய்லிவின் மனைவி.

எய்லிவ் மீன்பிடிப் படகு வைத்திருப்பவன், பெரிய உடம்புக்காரன். படியேறி என் அறைக்குள் வந்தபோது தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. தூரிட்டும் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கி மேலே வந்திருந்தாள், பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்ட.

ரேடியோவில் விமானி பியார்த்தேவின் குரல் வந்தது. "பக்கக் காத்து பதினெட்டு நாட் வேகமா? மூணுன்னா இறங்கிடுவேன் ஓட்வார். ரெண்டுன்னா இந்தக் காத்துக்கு என்னால முடியாது. நாப்பது நிமிஷம் சுத்துறதுக்கு எண்ணெய் இருக்கு."

"கேட்டேல்ல?" என்றான் எய்லிவ் அக்காவைப் பார்த்து. "மூணு. அவ்வளவுதான் கேக்குறான். மூணுன்னு சொல்லு."

"மூணு இல்லடா அங்க."

"ஒரே ஒரு நம்பர், தூரிட்! ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல என்ன கெடக்கு?"

"கடல் கெடக்கு."

அவன் மேசையைக் குத்தினான். என் காப்பிக் கோப்பை கவிழ்ந்தது. "உன் வீட்டுல ஒருத்தி இப்படிக் கெடந்தா..."

"என் வீட்டுலதான்டா கெடக்குறா." அவள் குரல் உயரவேயில்லை. "அந்த விமானத்துல நாலு பேரு. ஏறுனா சில்யே அஞ்சு. உன் குழந்தை ஆறு. நான் பொய் சொன்னா அந்த ஆறு பேரையும் யாருக்கிட்ட கேப்ப? நீ கடலுக்குப் போறப்ப, பொண்டாட்டி அழுறாளேன்னு அலை குறையுமா?"

எய்லிவ் என் பக்கம் திரும்பினான். "ஓட்வார். மைக்கு உன் கையிலதான இருக்கு."

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. 'மூணு, மூணு, மூணு' என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்துவிட்டேன். மூன்று நொடிகூட ஆகாது. பியார்த்தே கைதேர்ந்தவன், எப்படியாவது சமாளித்துக்கொள்வான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தூரிட் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. "நான் கொடுத்ததச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னேன். மூணு, ரெண்டு, ரெண்டு.

எய்லிவ் சுவரோடு சாய்ந்து நின்றான். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள். "அவன சுத்தச் சொல்லு! மணல் போடப் போறேன்!" என்ற சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தது.

வெந்நீர் கலந்த மணலைத் தூவினால், குளிர் நாளில் அது பனியைக் கொஞ்சம் உருக்கி அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். அன்று ஒட்டவில்லை. லாரி முன்னே போகப் போக, பின்னால் தண்ணீரும் காற்றும் மணலைப் பாதையோரத்துக்குத் தள்ளிக்கொண்டு போயின. திரும்பி வந்தாள், மறுபடி போட்டாள். முப்பது நிமிடம். மேகத்துக்கு மேலே விமானத்தின் இரைச்சல் சுற்றிக்கொண்டே இருந்தது. எய்லிவ் நகத்தைக் கடித்தபடி அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி அளந்து, மூச்சு வாங்க ரேடியோவில் வந்தாள்.

"மூணு, மூணு, ரெண்டு."

"கடைசி பங்குதான!" என்று எய்லிவ் கத்தினான். "அதுக்கு முன்னாடியே நின்னுரும்!"

நான் எதையும் மாற்றாமல் சொன்னேன். பிறகு பியார்த்தே, "கடைசி பங்கு இல்லாம என்னால நிறுத்த முடியாது. திரும்புறேன். அந்தப் பொண்ணுகிட்ட... மன்னிக்கச் சொல்லு" என்றான். இரைச்சல் தெற்கே போய்த் தேய்ந்தது.

எய்லிவ் படியிறங்கினான். கீழே லாரியோடு நின்ற அக்காவை நெருங்கி ஏதோ சொன்னான். கண்ணாடிக்குள் எனக்குக் கேட்கவில்லை. அவள் முகம் வெளுத்தது தெரிந்தது. ஆனால் தலை குனியவில்லை. அவன் கார் போகும்வரை அப்படியே நின்றாள்.

சில்யேவைத் தரைவழியாகக் கொண்டு போனார்கள். கணவாயில் புயலென்று பாதை அடைத்திருந்தது. பனிவாரி வண்டி முன்னே வழி வெட்ட, ஆம்புலன்ஸ் அதை ஒட்டியபடி ஊர்ந்தது. இரண்டரைக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கடைக்கார அம்மாள் என்னையே போனில் அழைத்து, "அவளுக்கு நெஞ்சுல இருக்கறதும் பனிக்கட்டிதானா?" என்று கேட்டாள். இரண்டு என்றால் இரண்டுதான் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

மூன்றேகாலுக்கு மருத்துவ நிலையத்துச் செவிலி கூப்பிட்டாள். கணவாயின் உச்சியில், ஆம்புலன்ஸுக்குள்ளேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண். ஒன்றரைக் கிலோ. மூச்சு இருக்கிறது. தாய்க்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். பெரிய மருத்துவமனைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. "அதுக்கு மேல எதுவும் கேக்காத" என்றாள்.

ரேடியோவில் தூரிட்டிடம் சொன்னேன்.

"மூச்சு இருக்குல்ல?"

"இருக்கு."

"எய்லிவ்?"

"வண்டிக்குள்ள கூடவே இருக்கான்."

"சரி."

அன்றைக்கு அதற்குமேல் எந்த விமானமும் வருவதாக இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் லாரியைத் திருப்பி மறுபடி பாதைக்குள் விட்டாள். தூறல் நின்று குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. பின்னால் மணல் கருப்புக் கோடாக விழுந்தது. கடைசி பங்கில், கடல் பக்கத்து விளக்கருகே லாரி நின்றது. ஒட்டுகிறதா என்று பூட்ஸால் தேய்த்துப் பார்க்க இறங்கியிருப்பாள் போலிருக்கிறது. தொலைநோக்கியை எடுத்தேன். இறங்கிய இரண்டாவது அடியில் கால் வழுக்கி, கைகள் விரிய, மல்லாக்க விழுந்தாள்.

எழுந்து நிற்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. அங்கியில் ஒட்டியிருந்த ஈரமணலைத் தட்டவில்லை. கண்ணாடி அறை இருக்கும் பக்கம் திரும்பி, கால்களை அகட்டி ஊன்றி, கையை உயரத் தூக்கி இரண்டு விரல்களைக் காட்டினாள்.