கொள்ளையர் போட்ட கூரை

"மூணு தடவை அந்த மடத்தைக் கொள்ளையடிச்சேன்," என்றார் ஸ்டூரே. "இப்ப அதுக்கு ரெண்டு கோபுரம். நான் போய் இறங்கினப்ப ஒண்ணுதான் இருந்துச்சு."

ஸ்டைனார் அக்காவைப் பார்த்தான். அக்கா குன்வோர் காபிக் கெட்டிலைப் பார்த்தாள்.

எங்கள் தீவின் பழைய கருவாட்டுக் கிடங்கு மாடியில், அக்காவும் தம்பியும் ஆறு வருடம் உட்கார்ந்து செய்த கணினி விளையாட்டு அது. வைக்கிங் காலத்துக் கடற்கொள்ளை. கப்பலில் வா, இறங்கு, கொளுத்து, அள்ளு, ஓடு. அதை வெளியிட ஒத்துக்கொண்ட ஸ்வீடன் கம்பெனி ஸ்டூரேயை அனுப்பியிருந்தது. நாலு மணிக்கு ஃபெரிப் படகு கிளம்புவதற்குள் உருப்படியான கொள்ளை ஒன்றையாவது அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. ரத்தானால் ஸ்டைனார் மறுபடி சால்மன் பண்ணையில் மீனுக்குத் தீவனம் போடப் போக வேண்டியதுதான்.

"இங்க பாருங்க," ஸ்டூரே திரையைக் காட்டினார். "என் ஆளுங்க தொண்ணூறு பேர் இறங்கினாங்க. களஞ்சியத்தைக் கொளுத்தினாங்க. அதுவரைக்கும் சரி. அப்புறம் கோடாலியைக் கீழ வெச்சுட்டு அதே களஞ்சியத்துக்குக் கூரை போடுறாங்க. ஏன்?"

"ஊர்வேலை," என்றாள் குன்வோர்.

"அப்படின்னா?"

"ஊர்ல ஒண்ணு உடைஞ்சா, கரையில நிக்கிற எல்லாரும் வந்து சரி பண்ணணும். அந்த விதி நான் எழுதினது."

"எல்லாரும்னா ஊர்க்காரங்கதானே? கொளுத்த வந்தவன் எப்படி?"

குன்வோர் யோசித்தாள். "ஊர்வேலை நடக்கிற இடத்துல ஒருத்தன் வந்து நின்னுக்கிட்டு சும்மா இருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல."

"சரி, இது என்ன?" கணினி ஆட்டுவிக்கும் ஆங்கில அரசன் ஒருவன் கடிதம் போட்டிருந்தான். தேவாலயத்தில் மழை ஒழுகுகிறது, குளிருக்குள் தயவுசெய்து படையெடுத்து வரவும் என்று. "கொத்தனாரைக் கூப்பிடுறதைவிட கொள்ளை போறது மலிவுன்னு கண்டுபிடிச்சுட்டான். இவன் மட்டும் இல்ல. ஏழு ராஜா வரிசையில நிக்கிறாங்க."

"அக்கா, மாத்திடு," என்றான் ஸ்டைனார். "வந்தவங்க வேலையில சேர வேணாம்னு ஒரே ஒரு வரி."

மாற்றினாள். கப்பல்கள் வந்தன, களஞ்சியம் எரிந்தது, ஊரார் சுத்தியலோடு ஓடி வந்தார்கள். கொள்ளையர் வேலை செய்யவில்லை. கப்பலிலும் ஏறவில்லை. மூட்டைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்கள்.

"இப்ப என்ன ஆச்சு?" என்றார் ஸ்டூரே.

"வெட்கம்," என்றாள் குன்வோர். "ஊர்வேலையில சும்மா நின்னா வெட்கம் ஏறும். நூறு ஆயிட்டா வேலை செய்யிறவங்களைத் தாண்டி நடக்க முடியாது. கப்பல் அந்தப் பக்கம்ல இருக்கு."

"கொள்ளைக்காரனுக்கு எதுக்குக்கா வெட்கம்?"

"அவங்களும் மனுஷங்கதானேடா."

"களஞ்சியத்தைக் கொளுத்தினப்ப ஏறலையே."

"அது தொழில்."

மணி மூன்று நாற்பது. ஸ்டூரே எழுந்து கோட்டை மாட்டினார். "மன்னிச்சுக்கோங்க ஸ்டைனார். ரத்துன்னு கடிதம் வரும்."

ஸ்டைனார் தலையாட்டினான். அவர் படியிறங்கியதும் எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

அன்று மே மாதத்துச் சனிக்கிழமை. எங்கள் ஊர்வேலை நாள். படகுத்துறையில் படகுக் கொட்டகைக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தோம். ஃபெரிக்குப் போக வேறு வழி கிடையாது. ஸ்டூரே கோட்டுப் பையில் கைவிட்டபடி எங்கள் நடுவே நடந்தார். ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். பாதித் துறை வந்ததும் அவர் நடை தளர்ந்தது. வேலைப் பட்டியலைக் கையில் வைத்திருந்த டோர்டிஸ் கிழவி ஒரு தூரிகையை நீட்டினாள்.

"நான் ஃபெரிக்குப் போறேங்க."

"போங்க தம்பி, யாரு வேணாம்னா? அதுக்கு இன்னும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் இருக்கே."

மாடியில் குன்வோர் கேட்டாள், "போயிட்டாரா?"

"கோட்டைக் கழட்டுறார்," என்றான் ஸ்டைனார்.

ஃபெரி வந்தது. இரண்டு முறை ஊதியது. ஸ்டூரே கொட்டகைக் கதவின் மூன்றாவது பலகையைப் பூசிக்கொண்டிருந்தார். ஃபெரியைப் பார்த்தார். பூசாத பலகைகளைப் பார்த்தார். டோர்டிஸைப் பார்த்தார். டோர்டிஸ் பலகைகளைப் பார்த்தாள். ஃபெரி போய்விட்டது. அடுத்தது மறுநாள் மதியம்.

ஆறு மணிக்கு எல்லாருக்கும் வாஃபிள் அப்பம் வந்தது. மாடியிலிருந்து இறங்கி உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவும் தம்பியும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் சட்டைக் கைமடிப்பில் சிவப்புச் சாயம். பழுப்புச் சீஸ் வைத்து வாஃபிளை மடித்துக்கொண்டே கேட்டார்: "அந்தத் தொண்ணூறு பேர். பழைய விதிப்படி, அவங்க கடைசியில கப்பல் ஏறுவாங்களா, மாட்டாங்களா?"

"ஏறுவாங்க," என்றாள் குன்வோர். "ஊர்க்காரங்க வெறுங்கையோட அனுப்புவாங்களா? வெள்ளி, கம்பளி எல்லாம் கட்டிக் கொடுத்துதான் அனுப்புவாங்க."

"அப்ப கொள்ளை நடக்குது."

"நடக்குது. கொஞ்சம் நேரம் ஆகும். நீங்க மூணு தடவையும் பாதியில மூடிட்டீங்க."

"எவ்வளவு நேரம்?"

"பட்டியல் முடியிற வரைக்கும்."

ஸ்டூரே டோர்டிஸின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதன் பின்பக்கத்திலும் பட்டியல் தொடர்ந்தது.

"ரெண்டு மணி நேரமா கிளம்பணும் கிளம்பணும்னு இருக்கேன்," என்றார் அவர் மெதுவாக. "முடியல. விளையாடுறவனும் இப்படிக் கிளம்ப முடியாம உட்கார்ந்தா, விளையாட்டுக்கு வேற என்ன வேணும்? பழைய விதியையே போட்டுடுங்க."

ஸ்டைனார் காபியை ஆற்றக் கோப்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தான். "அப்ப ஒப்பந்தம்?"

"இருக்கு. தட்டைப் பாருங்க, வழியுது."

"கப்பலைக் கிளப்புற பொத்தானோட பேரை மட்டும் மாத்திடறேன்," என்றாள் குன்வோர். "கொள்ளைன்னு இருக்கிறதை ஊர்வேலைன்னு."

"அதை மட்டும் தொடாதீங்க," என்றார் ஸ்டூரே. "ஊர்வேலைன்னா எவன் கப்பல் ஏறுவான்?"

"தம்பி," என்றாள் டோர்டிஸ், "கதவுக்கு உள்பக்கம் பாக்கி இருக்கு. பேசிக்கிட்டே பூசலாம்."