வன்மையாக மறுக்கும் தம்பி

வக்கீல் கடைசியாக ஒரு வழக்கில் ஜெயித்தது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை. ஒருநாள் சாயங்காலம் வரவேண்டிய பேச்சாளர் வராமல்போக, கோர்ட் வாசலில் வாய்தா வாங்கிக்கொண்டு சும்மா நின்றவரை ஒரு டிவி சேனல்காரர்கள் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள். விவாதம் எதைப் பற்றி என்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. "இதை நான் வன்மையாக மறுக்கிறேன்" என்றார். மறுநாளும் கூப்பிட்டார்கள்.

சீக்கிரமே தொழில் படிந்துவிட்டது. எதிராளி பேசுவதைக் கேட்பது நேர விரயம். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மறுத்துவிட வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவர் இரண்டு கையையும் ஆட்டினால், சூடு பத்தவில்லை, இன்னும் ஏற்று என்று அர்த்தம். பெயருக்குக் கீழே 'வழக்கறிஞர்' என்று மட்டும் போட்டால் மொட்டையாக இருக்கிறதென்று 'சமூக ஆர்வலர்' என்பதையும் சேர்த்தார்கள். போட்ட பிறகு சும்மா இருக்கமுடியுமா? தெரு மக்கள் பேரவை தொடங்கினார். பேரவையில் அவரும் ஒரு பேனரும் இருந்தார்கள்.

அவருடைய அக்கா தையல்கடை வைத்திருந்தாள். அந்த மெஷினை மிதித்துத்தான் தம்பியைச் சட்டம் படிக்கவைத்தாள். முதல் கறுப்புக் கோட்டும் அவள் தைத்ததுதான். கடையைக் காலி செய்யச் சொல்லி கட்டடக்காரர் வழக்குப் போட்டபோது தம்பியிடம் வந்தாள்.

"வேற வக்கீலைப் பாக்கட்டுமாடா? நீ பிஸியா இருப்ப."

"என்னக்கா நீ. நாடே என் பேச்சைக் கேக்குது."

"நாடு கேக்கட்டும்டா. ஜட்ஜ் கேக்கணுமே. கடை போச்சுன்னா என் பொழப்பு போச்சு, ஞாபகம் வச்சுக்க."

வழக்கு வந்த அன்று கோர்ட்டில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. கட்டடக்காரர் தரப்பு வக்கீலம்மா நிதானமாக எழுந்தார். "எங்க கட்சிக்காரருக்கு அவசரமில்லை. அந்தம்மாவுக்கு வேற இடம் கிடைக்கிற வரைக்கும் அதே வாடகைக்கு இருந்துக்கட்டும்" என்று சொல்லி மூச்சு வாங்கினார்.

"இதை நான் வன்மையாக மறுக்கிறேன்!" என்றார் நம் வக்கீல்.

ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எதை மறுக்கறீங்க?"

"அனைத்தையும். இது அப்பட்டமான கண்துடைப்பு."

பின்வரிசையில் அக்கா எழுந்து இரண்டு கையையும் ஆட்டினாள். வக்கீல் குரலை ஏற்றினார். அக்கா இன்னும் வேகமாக ஆட்டினாள். வக்கீல் மேஜையைத் தட்டினார்.

"சரி, அவகாசம் வேண்டாம்ங்கறீங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணட்டும்" என்று ஜட்ஜ் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வக்கீல் வியர்வையைத் துடைத்தபடி, "எப்படி இருந்துச்சுக்கா?" என்றார். அக்கா நேரே போய் ஆட்டோ ஏறினாள். ஆர்டரைப் படித்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. அன்றைக்கே மறுஆய்வு மனு போட்டார். அது விசாரணைக்கு வருவதற்குள் மாசமே முடிந்துவிட்டது.

அக்கா மெஷினோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். மெஷின் போட இருந்த ஒரே இடம், தம்பி வீட்டிலிருந்தே டிவியில் பேசும் அறை. பின்னால் தடிதடியான சட்டப் புத்தகங்கள், பிரித்தால் ஒட்டியிருந்த பக்கங்கள் கிழியும்.

"இங்கயே போடுங்க அண்ணி, நல்ல வெளிச்சம்" என்று தம்பி மனைவி மேஜையை ஓரம் தள்ளினாள். அவளும் அந்த ஆர்டரைப் படித்திருந்தாள்.

மனு விசாரணைக்கு முந்தைய நாள் சாயங்காலம் விவாதம்: வாடகைக் கடைக்காரர்களை யார் காப்பாற்றுவது? எதிராளி பேசினார். "கடைக்காரங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம்னு நான் நினைக்கிறேன்."

வக்கீல் வாய் "இதை நான்" என்று ஆரம்பித்தது. மெஷின் சத்தம் நின்றது. அக்கா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை கையை ஆட்டவில்லை.

"ஒத்துக்கறேன்" என்றார் வக்கீல்.

தொகுப்பாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காகிதத்தைப் புரட்டினார், தண்ணீர் குடித்தார், இடைவேளை விட்டார். இடைவேளை முடிந்தபோது திரையில் வக்கீல் இருந்த கட்டத்தில் ஒரு யோகா ஆசிரியர் இருந்தார்.

அக்கா நூல் கோத்தபடி கேட்டாள்: "கடையை இன்னும் யாருக்கும் விடலையாம். நாளைக்குக் கோர்ட்ல என்னடா பண்ணப்போற?"

"வாயே திறக்கமாட்டேன்க்கா."

"அது போதும். மத்ததை அந்த எதிர்க்கட்சி வக்கீலம்மா பாத்துக்குவாங்க."