ஒரு கை கறுத்த கோட்டு

கோட்டின் மேல் மாட்டியிருந்த தலையணை உறையை உருவியதும் நைரிக்கு முதலில் தட்டியது வாசனைதான். ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த வாசனை. பின்கொட்டகையில் சேணத்துக்கும் பூட்ஸுக்கும் நாய்ப் பட்டைக்கும் நடுவில் இருக்கவேண்டிய அந்த வாசனைக்குத் துணி அலமாரியில் என்ன வேலை? ஹேங்கரோடு கோட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளியே புல்வெளி முழுக்க உறைபனி. பூமியின் அந்தத் தென்கோடியில் ஜூன் என்றால் கடுங்குளிர்காலம்; சூரியன் எழுந்து வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கோட்டின் இடது கை எப்போதும்போல, பதமாக வறுத்த வெந்தயத்தின் நிறத்தில், மொசுமொசுவென்று இருந்தது. வலது கை தோள் தையலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கறுத்துப் பளபளத்தது. அந்தக் கை நெடுகத் தொங்கும் தோல்குஞ்சங்கள் நாலும் ஐந்துமாக ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்த நாய் வால் மாதிரி தொங்கின.

அன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் அவள் பாடவேண்டும். நைரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

மனுக்கா பிளாட் ஊரில் அந்த ஸ்வேட் தோல் கோட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. கம்பளி கத்தரிக்க வரும் ஆட்களுக்குக் கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சமைத்துப்போட்ட காலத்தில், சொந்த உழைப்பில் அவள் வாங்கியது. அந்தக் காசுக்கு ஒரு ஃப்ரீசர் வாங்கியிருக்கலாமே என்று ஊரே சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நைரி அதைப் போட்டுக்கொண்டு கிடாரோடு ஊர்ப் பாட்டு கிளப்பின் மேடையில் ஏறினாள். வலது கை கம்பிகளின் மேல் ஏறி இறங்க, குஞ்சங்கள் பறந்தன. பின்வரிசையில் சாப்பாட்டு மேஜையை மொய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தட்டை வைத்துவிட்டு முன்னால் வந்து பார்த்தார்கள். அதன்பிறகு ஃப்ரீசரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் கிளப்பின் ஆண்டுவிழாவை அவள்தான் பாடித் தொடங்கிவைப்பாள், அந்தக் கோட்டில்தான்.

அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். மழை நாளில் கோட்டை உள்பக்கம் வெளியே திருப்பி மடித்து உறையில் போட்டு எடுத்துப்போவாள். அரங்கத்துக்குள் போனபிறகே போட்டுக்கொள்வாள். கழுத்து வியர்வை படாமலிருக்கப் பட்டுத்துணி. கறை பட்டால் காய்ந்த ரொட்டி ஓரத்தால் மெல்லத் தேய்ப்பாள். ஈரம் பட்டுவிட்டால், எல்லாரும் துணி காயப்போடும் வெந்நீர்த்தொட்டி அலமாரிப் பக்கமே கொண்டுபோகமாட்டாள், தோல் விறைத்துப்போகும். ரப்பர் பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத்தான் தேய்ப்பாள். அந்த பிரஷ்ஷை இன்னொருவர் தொட்டதில்லை. நைரியின் இரண்டாவது புருஷன் என்று ஊரில் அந்தக் கோட்டுக்குப் பெயர். 'மொத புருஷன் நாந்தானான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு' என்று அவள் கணவன் அலெக்கே சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் அலெக் ஒருமுறைகூட அந்த அரங்கத்துக்குள் வந்ததில்லை. கூட்டம் என்றால் அவனுக்குச் சட்டைக் காலர் இறுகும். அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முடியும்வரை வெளியே பிக்கப் வண்டியில் நாய்களோடு உட்கார்ந்திருப்பான். அவள் ஏறியதும், "நல்லா இருந்துச்சா?" என்பான். "இருந்துச்சு" என்பாள். அவ்வளவுதான். அதில் அவளுக்கு வருத்தம் உண்டு. கேட்டு வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லாததால் கேட்டதில்லை. போனவாரம், முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டிலேயே அடைந்து கிடந்தவன், சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே, "இந்த வருஷம் உள்ள வந்து உக்காரலாம்னு இருக்கேன்" என்றான். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே "இஷ்டம்" என்றாள். மனசுக்குள் குதித்ததை அவனுக்குக் காட்டவில்லை.

கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அலெக் உள்ளே வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. பரிசு வாங்கியவன் முகம் அது.

"பாத்துட்டியா? உனக்குத் தெரியாம முடிச்சு வைக்கலாம்னு பாத்தேன். நேத்து நீ விழாச் சாப்பாட்டுக்கு அரங்கத்துல சீஸ் ரோல் சுருட்டப் போயிருந்தீல்ல, அப்ப உக்காந்தேன். ஒரு கையோட கொழுப்பு டப்பா காலி. இப்பக் கடைக்குப் போய் வாங்கியாந்து மிச்சத்தையும் முடிச்சுடறேன்."

அவள் கோட்டை மேஜைமேல் கிடத்தினாள்.

"எவ்வளவு குடிச்சுது தெரியுமா அந்தத் தோலு? எத்தனை வருஷமா காய்ஞ்சு கெடந்திருக்கு, பாவம். ஒரு பொட்டுக் கொழுப்பு காட்டல நீ."

அவனைச் சொல்லி என்ன பயன்? அந்த மண்ணில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், தோல் என்றால் கொழுப்பு போடவேண்டும் என்று. சேணம் வெடிக்காமலிருப்பதும் பூட்ஸுக்குள் பனித்தண்ணீர் இறங்காமலிருப்பதும் அதனால்தான். மேல்தோலுக்கு அது உயிர். உள்தோலைச் சீவி மொசுமொசுப்பாக்கிய ஸ்வேட்டுக்கு அதுவே எமன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. குரங்கைப் பிள்ளையார் என்றே நம்பிக்கொண்டு நிற்கிறான் மனுஷன்.

"அலெக், கடைக்குப் போகாத."

"ஏன்?"

"அது கெட்டுப்போச்சு. இதுக்குக் கொழுப்பு ஆகாது. எப்பவுமே ஆகாது."

அவன் கோட்டைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். சாக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு திட்டுத் திட்டி அவள் ஆறியிருப்பாள். தொப்பியை எடுத்துக்கொண்டு நாய்களிடம் போய்விட்டான்.

மத்தியானம் லோர்னா வந்தாள். கிளப்பின் செயலாளர், நைரிக்கு அடுத்துப் பாடுகிறவள், பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி, பள்ளிக்கூடத்திலிருந்தே போட்டி. கோட்டைப் பார்த்து வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"என் கறுப்பு வெல்வெட்டு கோட்டைப் போட்டுக்கடி. இடுப்புல கொஞ்சம் பிடிக்கும். மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டுப் பாடு."

"இரவல் கோட்டுல நான் அந்த மேடை ஏறினதில்ல. ஏறவும் மாட்டேன்."

"அப்ப எதப் போட்டுக்கிட்டு ஏறுவ?"

"ஏறலன்னு எழுதிக்க. நீயே தொடங்கிவை. ரொம்ப நாளா ஆசைதான உனக்கு."

"ஆசைதான்" என்றாள் லோர்னா. "இப்படிக் கெடைக்கணும்னு ஆசைப்படல. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணு."

போகும்போது லோர்னா கொல்லைக் கதவைத் திறந்தாள். படியில் அலெக் உட்கார்ந்து ஒரு நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளே பேசியது அவ்வளவும் அவன் காதில் விழுந்திருக்கும்.

நைரி மேஜையில் செய்தித்தாள் விரித்து, கோட்டின் வலது கையைக் கிடத்தி, மேலே சோளமாவைக் கொட்டி மூடினாள். வெள்ளிக்கிழமை காலையில் மாவு மஞ்சளித்துக் கட்டிதட்டியிருந்தது. தட்டிவிட்டு மறுபடி கொட்டினாள். பழுப்புக் காகிதத்தை வைத்து, சூடு தெரியாத சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றியெடுத்தாள். கெட்டில் ஆவியைத் தூரத்திலிருந்து காட்டி பிரஷ்ஷால் தேய்த்தாள். கறுப்பு கொஞ்சம் இளகி, கொதித்து முற்றிய டீ நிறத்துக்கு வந்தது. அதற்குமேல் வரமாட்டேன் என்றது. குஞ்சங்கள்தான் அசையவே இல்லை. ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும், அவள் விரல் கணுக்களோ குளிரில் வீங்கியிருந்தன. நாலு குஞ்ச நாடாவைப் பிரிப்பதற்குள் வலி தோள்வரை ஏறியது. பிரஷ்ஷை மேஜையில் போட்டாள்.

வாசற்படியில் அலெக் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அந்தக் குஞ்சத்த நான் பாக்கவா? நாய் வாலுல முள்ளு எடுக்கற வேலைதான இது."

அவனுடைய கைகளைப் பார்த்தாள். இந்த வீட்டில் அந்தக் கைகள் செய்த எதையும் அவள் குறை சொன்னதில்லை, நேற்றுவரை.

"கைய நல்லா கழுவிட்டு வா. சோப்புப் போட்டு."

கழுவிவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, மாவில் விரலைத் தோய்த்து ஒரு கொத்தை எடுத்தான். ஒவ்வொரு நாடாவாக உருட்டிப் பிரித்து, நுனிவரை உருவி, இன்னொரு பக்கம் போட்டான். நாய்கூட நகராமல் வாலைக் கொடுக்கும் கை அது. கையைத் துடைத்துக்கொண்டு பிரஷ்ஷைப் பார்த்தான். அவள் அதை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஒரே பக்கமா..."

"தெரியும். தோள்லருந்து கீழ. உன்னத்தான இத்தனை வருஷமா பாக்கறேன்."

அவள் கெட்டிலை வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

"உள்ள வந்து உக்காரப்போறேன்ல" என்று அவன் கோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "மொத தடவ பாக்கப்போறேன். பளிச்சுனு இருக்கணும்னு நெனச்சேன். அதான்."

கெட்டில் கொதித்து அடங்கும்வரை நைரி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "லோர்னாவுக்குப் போன் போடு. நான் பாடறேன்னு சொல்லு" என்றாள்.

"எதப் போட்டுக்கிட்டுன்னு கேப்பாளே?"

"என் கோட்டத்தான்."

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. காலை நீட்ட இடம் வேண்டும் என்று அலெக்கை முதல் வரிசை ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் போடும் ஒரே கருநீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மடியில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்து மாட்டிக்கொண்டவன்போல உட்கார்ந்திருந்தான். மேடை ஓரத்தில் லோர்னா ஒரு சால்வையை நைரியின் வலது தோளில் போட்டு இழுத்துவிட்டாள்.

"இடது பக்கத்தக் காட்டிக்கிட்டு நில்லு. ஒருத்தருக்கும் தெரியாது."

நைரி மேடையில் ஏறினாள். நிகழ்ச்சியை நடத்தும் டெஸ்மண்டுக்கு நாக்கு எட்டு முழம். சால்வைக்கு வெளியே எட்டிப்பார்த்த கறுத்த மணிக்கட்டை அவன் விடுவானா?

"என்ன நைரி, உன் ரெண்டாவது புருஷன் சேத்துல விழுந்துட்டானா? ஒரு கை இப்படி ஆயிருக்கு?"

அரங்கம் சிரித்தது. அலெக்கின் காதுமடல்கள் சிவந்தன. குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

நைரி சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டாள். வலது தோளை விளக்குக்கு நேராகத் திருப்பிக்கொண்டு நின்றாள். கறுத்த கை கடைசி வரிசைவரை தெரிந்தது.

"மொத புருஷன் தொட்டுட்டான்" என்றாள் மைக்கில். "முன்னாடி உக்காந்திருக்கான் பாருங்க. என் பாட்டக் கேக்க வந்திருக்கான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிகள் நகர, எல்லாத் தலைகளும் முதல் வரிசை ஓரத்துக்குத் திரும்பின. அலெக் நிமிர்ந்தான்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இந்தக் கோட்டை முதன்முதலில் போட்டுக்கொண்டு ஏறிய நாளில்கூட இப்படி இருந்ததில்லை. கையை உயர்த்தி முதல் வீச்சில் கம்பிகளை வருடினாள். பிரித்த குஞ்சங்கள் பறந்தன. பிரியாத ஒன்றிரண்டு கொத்துகள் தொங்கின. நாடாக்களுக்குள் பதுங்கியிருந்த சோளமாவு ஒரே மூச்சில் கிளம்பி, விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக மேலேறி நின்றது. பாட்டு அடுத்த வரிக்குப் போவதற்குள் அது மெல்ல இறங்கி, மேடை ஓரத்தைத் தாண்டி, அலெக்கின் கருநீலத் தோளிலும் முழங்காலிலும் மடியிலிருந்த தொப்பியிலும் படிந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.