நிழல் விழக் கூடாது

டெல்லி கரோல்பாக்கில், புசா ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், துணிக்கடை ஒன்றின் அடியில் இருக்கிறது அந்த பேஸ்மென்ட் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றதும் ஏதோ கலைக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. வெள்ளைக் காகிதத் திரை ஒன்று, அதன்மேல் அடிக்க இரண்டு ஃப்ளாஷ், முன்னால் வலமும் இடமுமாக வெள்ளைத் துணி போர்த்திய இரண்டு பெரிய சாஃப்ட் பாக்ஸ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஃப்ளாஷ். எல்லா ஸ்டாண்டுகளின் கால்களையும் கறுப்பு டேப் போட்டுத் தரையோடு ஒட்டி வைத்திருந்தார்கள்.

முதலாளி சுரேஷ்குமார் போட்ட சட்டம் அது. லைட்டை எவனாவது நகர்த்தினால் அவனையே நகர்த்திவிடுவேன் என்று இந்தியில் சத்தம் போடுவார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. குர்த்தி விற்கும் ஆன்லைன் கம்பெனிக்கு எல்லாப் படமும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருந்தாக வேண்டும். மூக்குக்குக் கீழே துளி நிழல் விழுந்தாலும் போதும், படம் திரும்பி வந்துவிடும்.

ஜெயசீலன் அங்கே போட்டோகிராபர். மரியாதைக்குத்தான் அந்தப் பேர். பட்டனை அமுக்குகிற ஆள் என்பதுதான் நிஜம். ஃப்ளாஷைக் கேமராவின் தலையிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் கொஞ்சம் உயரத்தில் வைத்தால் சாதாரண முகத்துக்கும் உயிர் வந்துவிடும் என்று படிக்கும்போது கண்டுபிடித்து, பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்தவன். வந்து சேர்ந்த இடமோ நிழலே ஆகாத இடம். விதி என்பதா, கொழுப்பு என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

வேலையை விடுகிறேன் என்று வீட்டில் ஒருமுறை வாயைத் திறந்தான். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா பாலசுப்ரமணியம், திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகியும் பேச்சை மட்டும் விடாதவர், ஒரே போடாகப் போட்டார்: "மாசம் பொறந்தா சம்பளம் வருதுல்லா, பொறவு என்னல ஒனக்கு நோவுது?"

என்ன நோவுது என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. விஜயலக்ஷ்மிக்குத் தெரிந்திருந்தது. ஹௌஸ் காஸ் பகுதியில் முகங்களை மட்டுமே படமெடுக்கும் அந்த அம்மாளுக்கு லைட்டிங் பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனான். அவன் காட்டிய படங்களைப் புரட்டிவிட்டு அவள் கேட்டாள்.

"குர்த்தி நன்னா தெரியறது. லைட் போட்டவன் எங்கேப்பா இதுல?"

அவன் படங்களைத் தானும் ஒருமுறை புரட்டினான்.

"நீயே லைட் போட்டு ஒரு முகம் எடு. இதுவரைக்கும் எங்கயும் வராத படமா இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு. நன்னா இருந்தா வேலை உனக்கு. இல்லேன்னா அடுத்த பையனைப் பார்த்துப்பேன்."

அவனிடம் சொந்தமாக லைட் கிடையாது. பேஸ்மென்டில்தான் எடுத்தாக வேண்டும். அதற்குக் கிடைத்த ஒரே நேரம், சுரேஷ்குமார் மாடிக்குச் சாப்பிடப் போகும் வேளை.

செவ்வாய்க்கிழமை அவர் மேலே போனதும் ஜ்யோத்ஸ்னாவிடம் கேட்டான். அங்கே குர்த்தி மாட்டிக்கொண்டு நிற்கும் மாடல் அவள். லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது. பேஸ்மென்டில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்பதால் இருவரும் முதலாளியை அவர் முன்னாலேயே திட்டிக்கொள்வார்கள். அந்தக் குகையில் இருந்த ஒரே சுகம் அது.

"ஏ ஜ்யோத்ஸ்னா, ஒரே ஒரு படம். கொஞ்சம் நில்லேன்."

"இப்பவா? எனக்குப் பசிக்கறதுடா! காலைலேர்ந்து ஒரு டீதான்."

"என் தலையெழுத்தே இதுலதான் இருக்கு."

"உன் தலையெழுத்துக்கு என் வயிறா கிடைச்சது? சரி, ஜல்தி எடு."

கடுகு நிறக் குர்த்தியோடு அப்படியே நின்றாள். ஜெயசீலன் மூன்று ஃப்ளாஷை அணைத்தான். மிச்சம் இருந்த ஒன்றின் டேப்பை உரித்தான். சாஃப்ட் பாக்ஸைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் சிதறாமல் இருக்கத் தேன்கூடு மாதிரி கண்ணறைகள் கொண்ட வளையம் ஒன்றை மாட்டினான். அதைத் தூக்கி அவளுடைய இடது தோளுக்கு மேலே கொண்டுபோனான். திரையிலிருந்து அவளைத் தள்ளி நிறுத்தினான்.

"முடிஞ்சுதா இல்லையா?" என்று எரிச்சலோடு அவள் மாடிப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிய அந்தக் கணத்தில் அமுக்கினான்.

பாதி முகம் இருட்டு. மீதிப் பாதியில் பசி, கோபம், விளக்கைப் பார்க்க மறுக்கும் ஒரு கண். யாருக்கும் எதையும் விற்காத முகம். ஜெயசீலன் கேமராவில் படத்தை இன்னொரு முறை பார்த்தான். அப்பாடா, நான் இன்னும் செத்துப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக ஸ்டாண்டைப் பழைய இடத்தில் வைத்து டேப்பை அழுத்தினான், சாஃப்ட் பாக்ஸை மாட்டினான், எல்லா ஃப்ளாஷையும் போட்டான். சுரேஷ்குமார் ஏப்பம் விட்டுக்கொண்டு உள்ளே வந்தபோது எல்லாம் வழக்கம்போல் பளிச்சென்று இருந்தன. ஜ்யோத்ஸ்னாவின் முகத்தைத் தவிர. அவள் டிபன் டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்தாள்.

ஒன்றை மட்டும் அவன் மறந்திருந்தான். கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒயர் போகும். அமுக்கிய படம் அதன் வழியே போய், மாலையில் மற்ற குர்த்திகளோடு தானாகவே கம்பெனிக்குச் சேர்ந்துவிடும். காலையில் மாட்டினால் ராத்திரிதான் கழற்றுவது என்பதால், அப்படி ஒன்று தொங்குகிறது என்பதே அவன் கண்ணில் படுவதில்லை. ஸ்டாண்டையும் டேப்பையும் யோசித்தவன் ஒயரைப் பிடுங்க யோசிக்கவில்லை.

அது தெரியாமல் மடையன் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். உடனே அனுப்பித் தொலைத்திருக்கலாம் அல்லவா? மாட்டான். மூக்கோரம் இன்னும் கொஞ்சம், நெற்றியில் இன்னும் கொஞ்சம் என்று புதன்கிழமை முழுக்க அதையே செதுக்கிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை காலை சுரேஷ்குமார் அவனை மாடிக்குக் கூப்பிட்டார். மேசைக் கம்ப்யூட்டரில் ஜ்யோத்ஸ்னாவின் பாதி முகம். ஜெயசீலனுக்கு அப்போதுதான் ஒயர் ஞாபகம் வந்தது. வேலை போயிற்று என்று நினைத்தான். துரத்தட்டும், நல்லதுதான் என்றும் ஒரு மனசு குதித்தது.

துரத்தவில்லை. எழுந்து வந்து கட்டிக்கொண்டார்! வாயில் மில்க் கேக் ஒன்றைத் திணித்தார்.

"கமால் கர் தியா பேட்டா!" அசத்திவிட்டானாம். கம்பெனிக்காரர்கள் சொக்கிப்போய்விட்டார்களாம். காலையிலேயே போன் ஆப்பின் முதல் பக்கத்தில் போட்டுவிட்டார்களாம். தீபாவளிக்கு வருகிற அத்தனை குர்த்தியும் இதே மாதிரி, இதே நிழலோடு வேண்டுமாம்.

"சார், இந்தப் படத்தை ஒருத்தருக்கு மட்டும் காட்டணும்..."

"பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு? இது நம்ம ஸ்டைல். வெளியே போனா எல்லாரும் காப்பி அடிப்பாங்க. இனிமே மத்தியானம் பேஸ்மென்டுக்குப் பூட்டு. நீ என்கூட மேலே உட்கார்ந்து சாப்பிடு. நீ இப்போ வீட்டு ஆள்," என்றார் இந்தியில்.

தோளில் விழுந்த அவர் கை வெகுநேரம் இறங்கவில்லை.

கீழே இறங்கும்போது படியிலேயே நின்று படத்தை விஜயலக்ஷ்மிக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் குரலாகவே பதில் வந்தது.

"படம் ரொம்ப நன்னா இருக்குப்பா. ஆனா காலைல காபி குடிக்கறச்சே இதை நான் போன்ல பார்த்தேனே? கீழே விலையெல்லாம் போட்டு! எங்கயும் வராத படம்னுதானே கேட்டேன்? வேற இருந்தா நாளைக்குள்ள அனுப்பு."

வேறு இல்லை. எடுக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. வெள்ளிக்கிழமை அது பாட்டுக்கு வந்தது, போயிற்று. மத்தியானம் மாடியில் சுரேஷ்குமார் வீட்டு ராஜ்மாவைப் பிசைந்தபடி, ஹௌஸ் காஸ் கதவு தனக்குச் சாத்தப்படுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அழுகை வந்தது. காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தான்.

திங்கட்கிழமையிலிருந்து புது வெளிச்சம். ஃப்ளாஷ் இடது தோளுக்கு மேலே, அதே உயரத்தில், அதே சாய்வில். துளி நிழலும் கூடாது என்பது போய், பாதி முகம் இருட்டாக இருந்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. ஜ்யோத்ஸ்னா குர்த்தி மாற்றி மாற்றி வந்து படிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கழுத்து கடுத்துப்போயிற்று.

பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சுரேஷ்குமார் தலையை ஆட்டினார். முதல் படத்தில் இருந்தது இதில் இல்லையாம். அவளிடம் சொல் என்று ஜெயசீலனுக்குக் கை காட்டினார்.

"ஜ்யோத்ஸ்னா," என்றான் அவன். குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கோவமா. அன்னைக்கு மாதிரி."

"அன்னிக்கு நான் போஸ் குடுக்கலைடா. நிஜமாவே பசிச்சது."

"தெரியும். அத மாதிரியே செய்யி. சார் பாக்காரு."

அவள் படிப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி நேராக அவனைப் பார்த்தாள். பூட்டிய கதவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீயும் அவர் கட்சி ஆயிட்டயா?" என்றாள் மெதுவாக, அவனுக்கு மட்டும் புரிகிற தமிழில். "இப்போ வந்துடுத்து பாரு கோபம். உன்மேலதான். எடுத்துக்கோ."

முகம் மறுபடி படிப் பக்கம் திரும்பியது. பாதி இருட்டில் அந்த ஒற்றைக் கண் பளபளத்தது. முதல் படத்தைவிட நன்றாக இருந்தது. ஜெயசீலன் அமுக்கினான்.