தௌரென் இன்னும் கேட்காதது

1

இந்தக் கதை ஒரு பவுர்சாக்கால் பிறந்தது. எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டையை என் மனைவி கம்ஷாத் என் தலையைக் குறிபார்த்து எறிந்தாள். காரணம் என் முதல் வரி:

மூன்று கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு மாபெரும் நட்சத்திரம் தன் இறுதி மூச்சை—

"நட்சத்திரம் மூச்சு விடுமா? அதக் கண்டுபிடிச்சவ நான். நான் எங்க இதுல?"

நியாயம்தான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

மறுபடி தொடங்குகிறேன். மலைமேல் ஒரு வானாய்வு நிலையம். கம்ஷாத் அங்கே வானியலாளர், நான் சமையல்காரன். ஒரு காலை, தேநீரோடு முந்தைய இரவின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள். பக்கத்து விண்மீன் மண்டலம் ஒன்றின் ஓரத்தில் புதுப் புள்ளி. முந்தாநாள் படத்தில் அது இல்லை. ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. சூப்பர்நோவா, பிறந்து ஒரு நாள்கூட ஆகாதது.

[கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த வகை வெடிப்பு என்பதை அதன் ஒளியைப் பிரித்து நிறமாலையாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும். வெடிக்குமுன் நட்சத்திரம் உதறிய வாயு முதல் ஓரிரு நாள் மட்டுமே ஒளிரும். பிறகு அந்தத் தடயம் போய்விடும்.]

ஆக, அன்று மாலையே பார்த்தாக வேண்டும். பெரிய தொலைநோக்கியோ அன்று ஆய்வு மாணவன் தௌரெனுடையது. அவனுடைய முனைவர் ஆய்வுக்கான மாலை. விட்டால் அடுத்த ஆண்டுதான்.

3

கம்ஷாத் அவனிடம் கெஞ்சினாள் என்று எழுதியிருந்தேன். பொய். சாப்பாட்டு அறைக்குள் ஓடி "சுயின்ஷி!" என்று கத்தினாள். எங்கள் பக்கம் நல்ல செய்தி கொண்டுவருபவர் அப்படித்தான் கத்துவார். செய்தி பெறுபவர், அது என்னவென்று தெரியுமுன்பே, வந்தவர் கேட்பதைக் கொடுத்தாக வேண்டும்.

"குடுத்தேன்க்கா. என்ன வேணும்?" தௌரென் வாயில் ரொட்டி.

"உன் சாயங்காலம்."

மெல்வது நின்றது.

"ஒரு குதிர கேட்டிருக்கலாம்க்கா."

"உங்கிட்ட ஏதுடா குதிர?"

"அதான். இல்லாதத கேட்டிருக்கலாம்ல."

[இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவனா? கொஞ்சம் கோபம் சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆனால் அன்று அவன் இரண்டாவது கோப்பைத் தேநீர் கேட்கவில்லை. அது உண்மை.]

4

மறுநாள் காலை அவனே நிறமாலையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"சுயின்ஷி, அக்கா! ஹைட்ரஜன் இருக்கு! ரெண்டாம் வகை! உதறின வாயுகூட மாட்டிக்கிச்சு!"

கம்ஷாத் அழுதபடி அவனைக் கட்டிக்கொண்டாள். "கேளுடா. எது வேணும்னாலும் கேளு."

"அப்புறம் கேக்கறேன்."

5

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

(அ) ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயரைக் கேட்கிறான். [இல்லை. அவளே கொடுத்தாள், இவன் இரண்டாவதாக நகர்ந்துகொண்டான்.]

(ஆ) அடுத்த ஆண்டு அவளுடைய மாலைகளை— [அதையும் கேட்காமலே கொடுத்தாள்.]

அவனுக்குப் பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அது அவளுக்கு இன்றும் உறுத்தல். அவன் சாப்பிட வந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள். அவன் உப்பு கேட்பான்.

"கேட்டுத் தொலைச்சா என்னவாம் இவனுக்கு?" என்று என்னிடம் பொருமுவாள். பிறகு மெதுவாக, "கேட்டுட்டா இங்க வர்றத நிறுத்திருவானோ?" என்பாள்.

நாளை அவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். இன்று எங்கள் வீட்டில் விருந்து. இதோ, உட்கார்ந்துவிட்டான். கம்ஷாத் கரண்டியை வைத்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு—"

மீதியை நீங்கள் எழுதுங்கள். உப்புக் கிண்ணத்தை நான் ஒளித்துவைத்துவிட்டேன்.