பள்ளிவாசல் முன்னால் நின்ற டொட் கொம்

பாயிஸுக்கு முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. வருடக்கணக்காகக் குந்தியிருந்து டைல் பதித்த கால்கள். இப்போது தொழுகையில் சுஜூதிலிருந்து எழும்பவும் கையை ஊன்ற வேண்டியிருந்தது. கால்கள் முற்றாக ஓயுமுன் வேறு பிழைப்புப் பார்க்கத்தான் அந்த இணையத்தளம். மேசன் பாஸ், பைப் பாஸ், வயரிங் பாஸ் என்று ஊர்க் கைத்தொழிலாளர் எல்லோருடைய பெயரும் நம்பரும் அதில் இருக்கும். பிடித்துக் கொடுக்கும் வேலைக்கு இவனுக்குச் சின்னக் கமிஷன். கல்முனைப் பக்கத்து போன் கோட் நம்பரையும் சேர்த்து 'பாஸ்067' என்று பெயர் வைத்தான்.

தளத்தைச் செய்து தர ஒத்துக்கொண்டவள் காரைதீவுக் கஜனி, கம்பியூட்டர் படித்த பிள்ளை.

"முகவரிக்கு வால் என்ன வைக்கிறதெண்டு பாத்துச் சொல்றன். பொறுங்க நானா."

இவனுக்கு ஏது பொறுமை? வெப்சைட் என்றால் டொட் கொம்தானே! தன் ஆட்டோவின் முதுகில் 'பாஸ்067 டொட் கொம்' என்று சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாக எழுதுவித்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். போட்டோ எடுத்துக் கஜனிக்கு அனுப்பிவிட்டு, போனை அணைத்து உள்ளே போனான்.

தொழுதுவிட்டு வெளியே வந்தால் ஆட்டோவைச் சுற்றி ஆட்கள். நடுவில் கஜனி, முழங்கை வரை வெள்ளைச் சீமெந்து. ஆட்டோவில் கிடந்த அவனுடைய சீமெந்தையே குழைத்து முகவரியை மூடியிருந்தாள்.

"என்ன வேல பாத்திருக்காய் தங்கச்சி?"

அவள் போனை நீட்டினாள். அந்த டொட் கொம் வேறு யாருடையதோ. கடதாசிக் கட்டு, தாயக்கட்டை, அரைகுறை உடுப்பில் பெண்கள்.

"சூதாட்ட சைட் நானா. எத்தின தரம் கோல் எடுத்த நான்!"

"யா அல்லாஹ்!"

பக்கத்தில் நின்ற பைப் பாஸ் நஸீம் எட்டிப் பார்த்தான். "தப்பிட்டாய்டா. இல்லாட்டி கோழிக்கூட்டுக்கு டைல் பதிக்கவும் உன்ன ஒருத்தனும் கூப்பிட்டிருக்க மாட்டான்."

மூவரும் எதிரே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார்கள்.

"டொட் எக்ஸ்-வை-இஸட் எண்ட வால் மலிவாக் கிடக்கே?" என்றான் பாயிஸ்.

"முதல் வருசம்தான் மலிவு. மறுகா புதுப்பிக்கக்குள்ள கழுத்தப் பிடிப்பாங்க."

"அப்ப நம்மட நாட்டு டொட் எல்கே?"

"நல்லம்தான். ஆனா இதே பேரெண்டா ஆக்கள் பழக்கத்தில கொம் எண்டு அடிச்சு அந்தச் சூதாட்டத்துக்குத்தான் போவாங்க. பேர மாத்துங்க. முழுக்கத் தமிழிலயே எடுப்பம். டொட் இலங்கை எண்டு முடியிறதும் இருக்கு."

'பாஸ்மார்.இலங்கை' என்று அடித்து நஸீமிடம் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்தென்றால் வியர்த்துப்போகிற நஸீம் ஒரே மூச்சில் வாசித்தான்.

"இத எங்கட உம்மாவும் அடிப்பா!"

யாரும் எடுத்திருக்கவில்லை. அங்கேயே எடுத்தார்கள்.

கஜனியின் விரலிடுக்குகள் சீமெந்து பட்டுச் சிவந்திருந்ததைப் பாயிஸ் அப்போதுதான் கண்டான். ஜும்ஆ நேரம் அத்தனை ஆம்பிளைகள் முறைத்துப் பார்க்க, அடுத்த ஊர்ப் பெண் தனியாக நின்று இவன் மானத்தைப் பூசிக் காப்பாற்றியிருக்கிறாள். கூடப்பிறந்தவள் செய்வாளா?

"உனக்கு நான் என்ன செய்யணும், சொல்லு."

"எங்கட குசினிக்கு டைல் பதிச்சுத் தாங்க. பெட்டி வந்து மூலையில கிடக்கு."

"இன்ஷா அல்லாஹ், அடுத்த கிழமை."

தளம் ஓடத் தொடங்கிவிட்டது. நஸீமுக்கு வேலை தட்டுப்படாத நாளில்லை. பாயிஸ் கதிரையில் இருந்தபடி போனில் ஆள் அனுப்புகிறான், அல்ஹம்துலில்லாஹ். கஜனி வீட்டுக் குசினிக்கு டைல் பதித்துக் கொடுக்கும் கடன் மட்டும், எத்தனையோ 'அடுத்த கிழமை' போயும், இன்னும் அவன் தலையில்தான்.