பச்சைப் பொய்

அக்காவின் லேப்டாப்பில் அந்தக் கட்டத்தை மறுபடி சிவப்பாக்க முடியவில்லை. பத்துத் தடவைக்கு மேல் அழுத்திப் பார்த்துவிட்டேன். "உறுதி செய்யப்பட்டது. மாற்ற மேலதிகாரியின் ஒப்புதல் தேவை" என்றே வந்தது. பச்சையாக்கியபோது யாருடைய ஒப்புதலையும் கேட்காத சனியன், சிவப்பாக்க மட்டும் ஒப்புதல் கேட்கிறது.

அதற்குள் திரையில் லைக் கட்டைவிரல்கள் விழ ஆரம்பித்துவிட்டன. நான்கு. ஒன்பது. பதினாறு. "சூப்பர்!" "கலக்கிட்டீங்க மேடம்!" மேடம் பக்கத்து அறையில் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கலக்கியது நான். அவளுடைய தங்கை. பதினொன்றாம் வகுப்பு.

அக்கா ப்ராஜெக்ட் மேனேஜர். அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். மேஸ்திரி கட்டுவார், எலக்ட்ரீஷியன் வயர் இழுப்பார், பெயின்டர் பூசுவார். இவள் அவர்களிடம் "முடிஞ்சுதா?" என்று கேட்பாள். இதற்குச் சம்பளம். காலையில் ஒரு மீட்டிங். அந்த மீட்டிங்கில் என்ன பேசலாம் என்று முந்தின நாள் ஒரு மீட்டிங். அவர்கள் ஆபீசில் "முடியலை" என்ற சொல்லே கிடையாது. "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சது" என்பார்கள். ஒரு சுவர் மூன்று மாதமாகத் தொண்ணூறு சதவீதத்திலேயே நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அவர்கள் கையில் இருப்பது ஒரு ஆஸ்பத்திரியின் புது ஆறு மாடிக் கட்டடம். எல்லா வேலையும் கம்ப்யூட்டரில் ஒரு பலகையில் கட்டம் கட்டமாக இருக்கும். முடிந்தால் பச்சை, இழுத்தால் மஞ்சள், நின்றால் சிவப்பு. நூற்று நாற்பது கட்டத்தில் நூற்று முப்பத்தொன்பது பச்சை. ஒன்றே ஒன்று சிவப்பு. நோயாளிகள் ஏறும் லிஃப்ட். கட்டும்போது மணல் மூட்டையும் கல்லும் ஏற்றி ஏற்றி அதன் பிரேக் தேய்ந்துபோய்விட்டது. புதுப் பாகம் இன்னும் வந்து சேரவில்லை. நாளை காலை எட்டு மணிக்குத் திறப்பு. திறந்த கையோடு பழைய கட்டடத்து நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் வைத்து அதே லிஃப்டில் மேலே ஏற்றப் போகிறார்கள்.

அக்காவின் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் "எப்போ சார்". அவருக்கு வேறு வார்த்தை தெரியாது. நேற்றுகூட ஸ்பீக்கரில் அவர் கத்தியது எனக்குக் கேட்டது.

"ஒரே ஒரு கட்டம்மா! எப்போ பச்சையாகும்?"

"பாகம் வந்தா ஆகும் சார்."

"தொண்ணூறு சதவீதம்னு வெச்சுக்கலாமா?"

"பிரேக்கு தொண்ணூறு சதவீதம் பிடிச்சா போதுமா சார்?"

போனை வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாரும் பச்சை குத்திக்கிட்டாங்கடி. எனக்குத்தான் வலிக்குது."

நானும் சிரித்தேன். சிரித்ததோடு சரி, வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் படுத்துவிட்டாள். வீட்டுப்பாடத்துக்குப் படம் எடுக்க அவளுடைய லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிங் டிங் என்று எப்போ சார் குதித்துக்கொண்டிருந்தார். "எப்போ?" "மேடம், எப்போ?" "திறப்பு நாளைக்கு. எப்போ??" பன்னிரண்டாவது டிங்கில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு கலர்தானே, இதற்குப் போய் இந்த மனுஷன் அவள் உயிரை வாங்குகிறானே என்று பச்சையை அழுத்திவிட்டேன். டிங் நின்றது. ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் கட்டைவிரல்கள்.

மொத்தம் இருபத்து மூன்று. கடைசியாக விழுந்த பெயரைக் குனிந்து இன்னொரு தடவை படித்தேன். லிஃப்ட் மெக்கானிக். பாகம் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னதே அவர்தான்.

அக்காவின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நான் தங்கச்சி பேசறேன். அந்தப் பாகம் வந்துடுச்சா?"

"எனக்கு வரலம்மா."

"அப்பறம் எதுக்கு லைக் போட்டீங்க?"

"போர்டுல பச்சைன்னு வந்துச்சேம்மா. சரி, வேற யாரோ ஆளை வெச்சு மாத்திட்டாங்க போலன்னு நெனச்சேன். நம்ம ஒருத்தர் மட்டும் போடலன்னா நல்லாவா இருக்கும்?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அக்காவை உலுக்கி எழுப்பிச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. திரையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "இருபத்து மூணு பேரு" என்று மட்டும் சொன்னாள். பிறகு எப்போ சாருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தப் பச்சை தப்பு. லிஃப்ட் ஓடக் கூடாது. மாத்த ஒப்புதல் குடுங்க."

"ஏம்மா, இப்பதான் மேல வரைக்கும் போயிருக்கு. எல்லாரும் பாராட்டிட்டாங்க. ஒண்ணு பண்ணு, நாளைக்கு ஒன்பதரைக்கு ஒரு மீட்டிங் போடு. பேசிக்கலாம்."

"எட்டு மணிக்கு ஆளை ஏத்தறாங்க சார்!"

"அதான் ஒன்பதரைக்குப் பேசலாங்கறேனே."

அப்புறம் அவர் போன் அணைந்துவிட்டது. மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டு, போய் லிஃப்டுக்குக் கரண்டை நிறுத்தச் சொன்னாள். அவரோ, "போர்டுல சிவப்பாக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம், உடனே வந்து நிறுத்திடறேன்" என்றார். அக்கா போனை வைத்துவிட்டாள். என் நோட்டிலிருந்து ஆறு தாள் கிழித்து, மாடிக்கு ஒன்றாக, "பிரேக் பழுது. ஏறாதீர்கள்" என்று தடித்த பேனாவில் எழுதினாள். பசை டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாள்.

இப்போது இரவு மணி பத்து. கொஞ்சம் முன்னால் அங்கிருந்து கூப்பிட்டாள். நுழைவாயிலிலேயே வாட்ச்மேன் நிறுத்திவிட்டாராம். அவர் தலைக்கு மேல் பெரிய டிவியில் அதே பலகை, நூற்று நாற்பது கட்டமும் பச்சைப் பசேலென்று, கீழே கட்டைவிரல் போட்டவர்களின் பெயர்களோடு. ஸ்பீக்கரில் போட்டாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"லிஃப்ட் முடிஞ்சதுன்னு போட்டிருக்கே, பக்கத்துல இருக்கறது உங்க பேருதானேம்மா?"

"ஆமா. ஆனா நான் போடல. ஸ்கூல் படிக்கற என் தங்கச்சி தெரியாம அழுத்திட்டா."

"ஸ்கூலுக்குப் போற பொண்ணா?" அவர் சிரித்துவிட்டார். "நாளைக்கு என்னைக் கேட்டா இதையா சொல்றது? ஒரு சின்னப் பொண்ணு ஆஸ்பத்திரி லிஃப்டைப் பாஸ் பண்ணிடுச்சுன்னு?"

"அண்ணே, நான்தான் அழுத்தினேன், சத்தியமா நான்தான்!" என்று நான் இங்கிருந்து கத்தினேன்.

"சரி பாப்பா, நீ அழாத. நான் கேக்கறது ஒண்ணுதான். படிச்சவங்க இருபத்து மூணு பேரு சரின்னு கை தூக்கியிருக்காங்க. லிஃப்ட் மெக்கானிக்கும் தூக்கியிருக்காரு. அவ்வளவு பேரும் பாக்காமலேவா தூக்கியிருப்பாங்க? அவங்களை விட்டுட்டு, பசையும் தாளுமா வந்து நிக்கற உங்க அக்காவை நான் எதை வெச்சு நம்பறது?"

அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். எதை வைத்து நம்பச் சொல்வது?